காற்றுக்கு முன்னால் எழுந்திருங்கள்

மொராக்கோவின் மராகேஷில் காலை பஸ் ஏறி, பதினோரு மணி வாக்கில் எஸ்ஸவீரா என்ற கடற்கரை ஊரில் இறங்கி, சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பிவிடுகிற பயணிகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அந்த ஊரில் ஒரு நாளின் மோசமான நேரம் எதுவோ, அதைச் சரியாகப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். கடற்கரையில் கால் வைத்ததும் மணல் கணுக்காலில் சுரீர் சுரீரென்று அடிக்கும். தொப்பி பறக்கும். வாயைத் திறந்தால் பல்லிடுக்கில் மணல் நறநறக்கும். "அழகான ஊர்தான், ஆனா என்ன காத்து!" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள்.

கோடையிலும் குளிரிலும் அங்கே தங்கிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: எஸ்ஸவீராவில் கடிகாரத்தைவிடக் காற்றைப் பார்த்து நாளை வகுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். எங்கே தங்குவது, எப்போது நடப்பது, என்ன மீன் கிடைக்கும் என எல்லாவற்றையும் காற்றுதான் முடிவு செய்கிறது.

இந்த அட்லாண்டிக் கரையை ஒட்டி ஓடும் கனேரி நீரோட்டத்தால் கடல் கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும். உள்நாட்டுத் தரையோ வெயில் ஏற ஏறக் கொதிக்கும். இந்த வித்தியாசம் கூடக் கூட, வடக்கிலிருந்து வரும் காற்றும் வேகமெடுக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இதுதான் கதை. மராகேஷில் 40 டிகிரி தாண்டும் நாளில் இங்கே இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருக்கும். அதனால்தான் ஜூலை, ஆகஸ்டில் மொராக்கோக்காரர்களே குடும்பத்தோடு இங்கே குவிகிறார்கள். அந்த இரண்டு மாதங்களில் அறை வாடகை ஏறிவிடும், முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். எந்த மாதமானாலும் ஒரு ஜாக்கெட் வேண்டும். "ஆப்பிரிக்காதானே" என்று பருத்திச் சட்டைகளை மட்டும் அடுக்கிக்கொண்டு வருகிறவர்கள், முதல் சாயங்காலமே கடைத்தெருவில் கம்பளி ஜெலாபா அங்கி பேரம் பேசிக்கொண்டு நிற்பார்கள்.

காலை ஏழு மணிக்கு வெளியே வாருங்கள். கடற்கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கடைகள் திறக்கப் பத்து மணி ஆகிவிடும், அதனால் தெருக்களும் காலி. வெள்ளைச் சுவர், நீலக் கதவு என்று படம் எடுக்க ஆசைப்பட்டு வந்தவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. நடுப்பகலிலிருந்து சாயங்காலம் வரை மதிலுக்குள் இருந்துவிடுங்கள். பொழுது சாயும்போது வடமேற்கு மதிலில் உள்ள ஸ்கலாவுக்கு ஏறுங்கள். பழைய ஐரோப்பிய வெண்கலப் பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும் கோட்டை மேடை அது. அங்கேயும் காற்று உண்டு, ஆனால் மணல் இராது. ஆர்சன் வெல்ஸ் தன் 'ஒத்தெல்லோ' படத்தின் சில பகுதிகளை இந்த மதில்களில்தான் எடுத்தார். 1952இல் கான் விழாவில் அது பரிசு பெற்றது.

இனி அறை. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மதிலுக்குள் இருக்கும் பழைய ஊரை மதீனா என்கிறார்கள். தங்கும் வீடுகளில் பல ரியாத் வகை: நடுவே முற்றம், அதைச் சுற்றி அறைகள், மேலே மொட்டை மாடி. அறைகளின் ஜன்னல் பெரும்பாலும் முற்றத்தைப் பார்த்தே இருக்கும். நம்மவர்கள் இதைக் குறை என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுத்துக் கடல் பார்த்த அறை கேட்பார்கள். எனக்கு வீடு கொடுத்த அம்மாள் இதற்குச் சிரித்தார்.

"லல்லா, கடலைப் பார்க்க மாடி இருக்கு. தூங்கறதுக்கு உள்ளறைதான் நல்லது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மதிலை ஒட்டிய அறைகளில் இரவு முழுக்க அலை வந்து மோதும், ஜன்னல் சட்டம் கடகடக்கும். அதைக்கூடத் தாங்கலாம். உப்பு ஈரம்தான் தாங்க முடியாது. போர்வை பிசுபிசுக்கும், துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது, சுவரில் பூஞ்சை மணக்கும். அறை பார்க்கும்போது கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவரைத் தொட்டுப் பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வருவதாக இருந்தால் அறையைச் சூடாக்க ஏதாவது இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பகலில் இதமாக இருக்கும், இரவில் கல் சுவர்கள் குளிரைக் கக்கும். மொட்டை மாடியில் வடக்குப் பக்கம் ஆளுயரச் சுவரோ கண்ணாடித் தடுப்போ இருந்தால்தான் அங்கே உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட முடியும். இல்லாவிட்டால் அந்த மாடி படத்துக்கு மட்டும்தான். இன்னொன்று, பல வீடுகளில் வெந்நீருக்குக் கேஸ் சிலிண்டர் ஹீட்டர் வைத்திருப்பார்கள். அது குளியலறைக்கு உள்ளேயே இருந்தால் காற்றுப் போக்கிக்கான திறப்பை ஒருபோதும் அடைக்காதீர்கள். குளிருக்குப் பயந்து துணியைச் செருகி வைப்பது உயிருக்கே ஆபத்து.

மதீனாவுக்குள் வண்டி கிடையாது. பஸ்ஸோ டாக்ஸியோ மதில் வாசல் வரைதான். அங்கிருந்து பெட்டியை எடுத்துப்போகக் கைவண்டிக்காரர்கள் காத்திருப்பார்கள். நல்ல ஏற்பாடு அது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் பெட்டி வண்டியில் ஏறுவதற்கு முன் தொகையைப் பேசிவிடுங்கள். மற்றபடி உள்ளே வழிகாட்டி தேவையே இல்லை. ஃபெஸ், மராகேஷ் போல வளைந்து வளைந்து தலைசுற்ற வைக்கும் சந்துகள் இங்கே இல்லை. 1760களில் சுல்தான் மூன்றாம் முஹம்மது ஒரு புதிய வணிகத் துறைமுகம் வேண்டும் என்று முடிவெடுத்து, தியோடர் கோர்னு என்ற பிரெஞ்சுப் பொறியாளரை அமர்த்தி, வரைபடம் போட்டுக் கட்டிய ஊர் இது. அப்போது வெளிநாட்டார் இதை மொகதோர் என்பார்கள். வடக்கே பாப் துக்காலா வாசலிலிருந்து ஒரு நேர் தெரு ஊரின் நடுவே ஓடுகிறது, அதைப் பிடித்துக்கொண்டால் எங்கும் தொலைய மாட்டீர்கள். இந்த நேர்த்திக்காகவும்தான் 2001இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அந்தத் தெருவின் நடுப்பகுதியில்தான் மீன் சந்தை. துறைமுகத்துக்கும் முலாய் ஹசன் சதுக்கத்துக்கும் இடையே வரிசையாக மீன் சுட்டுத் தரும் கடைகள் உண்டு. பயணிகள் எல்லோரும் அங்கேதான் போவார்கள். பனிக்கட்டி மேல் நண்டு, இறால், கணவாய் எல்லாம் பளபளவென்று அடுக்கி வைத்து, கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்ததைக் கண்முன்னே எடை போடச் சொல்லுங்கள். சாலட், ரொட்டி, குளிர்பானம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று அடுப்பில் வைப்பதற்கு முன் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். அடுப்பில் ஏறிய மீனுக்குப் பேரம் கிடையாது.

எனக்குப் பிடித்தது வேறு வழி. மதீனாவுக்குள் இருக்கும் மீன் சந்தையில் மீனை நீங்களே வாங்கி, அங்கேயே ஓரத்தில் கரி அடுப்பு வைத்திருப்பவரிடம் கொடுத்தால் சில திர்ஹமுக்குச் சுட்டுத் தருவார். தக்காளி-வெங்காயக் கலவையும் ரொட்டியும் கூடவே வரும். மத்தி வாங்குங்கள். நம் ஊரில் சாளை என்றாலும் அதுதான். இங்கே அதுதான் மலிவு, ருசியும் அதற்குத்தான். கொத்தமல்லி, பூண்டு, சீரகம், எலுமிச்சை சேர்த்து அரைத்த ஷெர்முலா தடவிச் சுட்டால் நம் நாக்கு அந்நியமாகவே உணராது. நாக்கு மீன், சங்கரா வகைகளும் உண்டு. காற்று பலமாக வீசும் நாட்களில் படகுகள் கடலுக்குப் போகாது. அப்படி இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் மீன் சாப்பிடுவதை ஒத்திப்போடுங்கள், பனிக்கட்டியில் கிடப்பது பழசாகத்தான் இருக்கும். துறைமுகத்தில் நீலப் படகுகளைப் பார்க்கப் போனால் கையில் தின்பண்டம் வேண்டாம். அங்கத்திய கடற்காகங்களுக்கு மனிதப் பயம் விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி தஜீன், ஏழு காய்கறி கூஸ்கூஸ் என்றெல்லாம் பட்டியலில் இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஆட்டுக்கறியோ கோழியோ வெந்த சாற்றில்தான் அந்தக் காய்களும் வெந்திருக்கும். "கறி வேண்டாம்" என்றால் துண்டுகளை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பரிமாறுவார்கள். அவர்கள் பார்வையில் அது சைவம்தான், கோபித்துப் பயனில்லை. ஹரீரா சூப்பிலும் கறி இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். நம்பிச் சாப்பிடக்கூடியவை: காலையில் கிடைக்கும் பிஸ்ஸாரா என்ற உலர்ந்த அவரைப்பருப்புக் கஞ்சி, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும் தூவியது; கத்தரிக்காயைச் சுட்டு மசித்த ஸாலூக்; மடித்துச் சுட்ட ம்ஸெமென் ரொட்டியோடு தேன். ஸ்ஃபெஞ்ச் என்று ஒன்று உண்டு, எண்ணெயில் பொரித்த மாவு வளையம். பார்த்தால் உளுந்து வடையின் அண்ணன் மாதிரி இருக்கும், வாயில் போட்டால்தான் அது மைதா என்று தெரியும். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். மொராக்கோ சமையலில் மசாலா உண்டு, காரம் இல்லை. காரம் வேண்டுமென்றால் ஹரிஸா என்ற மிளகாய்ச் சாந்தைக் கேட்டு வாங்குங்கள், அல்லது என்னைப் போல வீட்டிலிருந்தே ஒரு பொட்டலம் இட்லிப்பொடி கொண்டு போங்கள்.

காபிக்கு ஏங்குகிறவர்கள் 'நுஸ்-நுஸ்' கேட்க வேண்டும், பாதி காபி, பாதி பால். புதினா தேநீரில் சர்க்கரை அள்ளிப் போட்டிருப்பார்கள். குறைத்துத் தரச் சொல்லலாம், வருத்தப்படுவார்கள், ஆனால் தருவார்கள். குழாய்த் தண்ணீருக்கு ஒரு சுவை இருக்கும், பாட்டில் தண்ணீரே உத்தமம்.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திர்ஹமை மொராக்கோவுக்கு வெளியே மாற்றுவது கஷ்டம், அதனால் வந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள், போவதற்குள் செலவழித்துவிடுங்கள். சின்னக் கடைகள், மீன்காரர், டாக்ஸி எல்லாம் ரொக்கம்தான். சில்லறை சேர்த்து வையுங்கள். நீல நிறச் சின்ன டாக்ஸிகளில் மூன்று பேர் வரை ஏறலாம். ஊருக்குள் நிலையான கட்டணம்தான், வீட்டுக்காரரிடம் இன்றைய தொகை என்னவென்று கேட்டுவிட்டுச் சரியான சில்லறை கொடுத்து இறங்கிவிடலாம்.

நீங்கள் இந்தியர் என்று தெரிந்ததும் கடைக்காரர்கள் ஷாருக் கானில் ஆரம்பிப்பார்கள். வயதானவர்களாக இருந்தால் அமிதாப். மொராக்கோவில் ஒரு தலைமுறையே ஹிந்திப் படம் பார்த்து வளர்ந்தது, சிலர் பாடியும் காட்டுவார்கள். தமிழ் என்று ஒரு தனி மொழி இருப்பதை விளக்கப் போனால் தேநீர் ஆறிவிடும், விட்டுவிடுங்கள். பாட்டுக்காக விலை ஒரு திர்ஹம்கூடக் குறையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைத்தெருவில் இரண்டு பொருள்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்று, தூயா மரப் பெட்டிகள். ஸ்கலாவுக்கு அடியில் வளைவுகளுக்குள் இருக்கும் பட்டறைகளில் செய்கிறார்கள். வேர்ப்பகுதியிலிருந்து எடுத்த மரம்தான் விலை கூடியது, புள்ளி புள்ளியாக இருக்கும், திறந்தால் மணம் தூக்கும். கீலைத் திருப்பிப் பாருங்கள், மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அளவுக்கு மீறி வெட்டப்படும் மரம் என்பதால் பெரிய மேசை, நாற்காலிக்கெல்லாம் ஆசைப்படாமல் ஒரு சின்னப் பெட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இன்னொன்று, ஆர்கான் எண்ணெய். சமையலுக்கானது கொட்டையை வறுத்து எடுத்தது, நிறம் கருத்து, வேர்க்கடலை வாசம் வரும். தோலுக்கும் முடிக்கும் உரியது வறுக்காதது, வாசமே அதிகம் இராது. கொட்டையைப் பெண்கள் கல்லில் வைத்து ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும், அதனால் உண்மையான எண்ணெய் மலிவாகக் கிடைக்க வழியே இல்லை. தெருவோரத்தில் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. மராகேஷ் சாலையில் மரத்தின் மேல் ஆடுகள் நிற்கும் காட்சியும் வரும். ஆர்கான் பழத்துக்காக ஆடு மரம் ஏறுவது உண்மைதான். ஆனால் சாலையோரம் வருடம் முழுக்க, கிளைக்கு ஒன்றாக, அசையாமல் நிற்கும் ஆடுகள் தாமாக ஏறியவை அல்ல. காசு கொடுத்துப் படம் எடுக்காதீர்கள்.

கடற்கரையில் தெற்கே நடப்பது எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த வேலை. காற்று முதுகில் தள்ளிக்கொண்டே வரும், சிரமமே தெரியாது. சிக்கல் திரும்பும்போதுதான். அதே தூரம், முகத்துக்கு நேரே மணல். அதனால் போகும்போது நடை, வரும்போது டாக்ஸி அல்லது டவுன் பஸ். இதை மாற்றாதீர்கள். ஓவத் க்ஸோப் என்ற சிற்றாறு கடலில் சேரும் இடத்தை நீர் வற்றிய நேரத்தில் கடந்தால், மணலில் பாதி புதைந்து கிடக்கும் பழைய கோட்டை ஒன்று வரும், கொஞ்சம் உள்ளே தியாபாத் கிராமம். மழை பெய்த மறுநாட்களில் ஆற்றைக் கடக்கவே வேண்டாம்.

இந்தக் கோட்டையைப் பார்த்துத்தான் கித்தார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மணற்கோட்டைகளைப் பற்றிய தன் பாட்டை எழுதினார் என்று உங்களுக்கு எப்படியும் ஒருவர் சொல்வார். ஹெண்ட்ரிக்ஸ் இந்தப் பக்கம் வந்தது 1969இல். பாட்டு வெளியானது 1967இல். சொல்கிறவரிடம் வாதாடாதீர்கள், தியாபாத்தின் தேநீர்க் கடைகள் அந்தக் கதையில்தான் ஓடுகின்றன. அதைவிட அங்கே பார்க்க வேண்டியது பறவை. எதிரே தெரியும் மொகதோர் தீவுகளில் எலியனோரா வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. குளிர்காலத்தை மடகாஸ்கரில் கழித்துவிட்டு வசந்தத்தில் வந்து அக்டோபரில் திரும்பும் பறவை அது. கோடைச் சாயங்காலங்களில் ஆற்று முகத்துவாரத்தில் பூச்சி பிடிக்க வரும். இனப்பெருக்கக் காலத்தில் தீவுக்குப் போக அனுமதி இல்லை, கரையிலிருந்து பார்ப்பதுதான் வழி.

குளிக்க நினைத்தால் காலையில் குளியுங்கள். தீவுகள் மறைப்பதால் விரிகுடாவுக்குள் அலை அடங்கித்தான் இருக்கும், தண்ணீர் மட்டும் சில்லிடும். 25 கிலோமீட்டர் தெற்கே உள்ள சீதி காவுக்கியில் அலை பலம், இழுப்பும் உண்டு, குழந்தைகளோடு அங்கே கால் நனைப்பதோடு சரி. பட்டம் கட்டிக்கொண்டு நீரில் சறுக்கும் விளையாட்டைப் பழக இந்த விரிகுடா நல்ல இடம். வடக்கே முலாய் புஸெர்க்தூன் தேர்ந்தவர்களுக்கு மட்டும்.

மணல் அப்பிய உடம்போடு ஒருநாள் ஹம்மாம் என்ற பொதுக் குளியல் கூடத்துக்குப் போய்வாருங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி நேரம் அல்லது தனிக் கட்டிடம். கறுப்பு சோப்பு, கெஸ்ஸா என்ற சொரசொரப்பான கையுறை, ஒரு துண்டு, மாற்று உள்ளாடை எடுத்துப் போங்கள். தேய்த்துவிடும் பெண்மணிக்குத் தனிக் கூலி. அழுக்கு உருண்டு உருண்டு விழுவதை அவர் எடுத்துக் காட்டுவார், கூச்சப்பட வேண்டாம், எல்லோருக்கும் காட்டுவார். இனி இசை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களான ங்னாவா மக்களின் இசையைக் கேட்க ஜூன் மாதத் திருவிழா சரியான சமயம். 1998 முதல் நடக்கிறது. சதுக்கத்துக் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த நாட்களில் அறைக்குச் சில மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். கூட்டம் பிடிக்காதவர்கள் கஸ்பா என்ற கோட்டைப் பகுதியில் 2020இல் திறந்த பைத் தாக்கிராவுக்குப் போகலாம். ஒரு காலத்தில் இந்த ஊரின் வணிகத்தையே நடத்திய யூதர்களின் நினைவகம் அது, உள்ளே ஒரு சிறு தொழுகைக் கூடமும் உண்டு. மசூதிகளுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை, வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதும் நாகரிகம் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பாதிக் கடைகள் மூடியிருக்கும். ரமலானில் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துக்கொள்ளும், பஸ் நேரத்தை அந்த மாதத்தில் இரண்டு முறை சரிபாருங்கள்.

திரும்புவதற்கான பஸ் சீட்டை வந்து இறங்கிய அன்றே வாங்கிவிடுங்கள். மராகேஷ் இரண்டரை, மூன்று மணி நேரப் பயணம், சுமார் 180 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டிகள் முதலில் நிரம்பும். எண் போட்ட இருக்கை கிடைத்தால் இடப்பக்க ஜன்னலைக் கேளுங்கள், கிழக்கு நோக்கிப் போகும் வண்டியில் வெயில் முழுக்க வலப்பக்கம்தான் விழும்.